பெரிபெரி: 'ஏலாது, ஏலாது' என்று பொருள்படும் ஒரு நோயின் பெயர்

கேள்வி இதுதான்: "பெரிபெரி நோயில் கால் வீங்கிப் பெரிதாகிறது. அப்படியானால் அது 'பெரிய பெரிய' என்ற தமிழ்ச் சொல்தானே? இல்லையென்றால் எந்த மொழிச் சொல், என்ன பொருள்?"

தமிழ் இல்லை, சிங்களம். பெரிபெரி என்பது தயாமின் என்ற வைட்டமின் பி1 குறைவதால் நரம்பும் இதயமும் தளரும் நோய். 'முடியாது' என்று பொருள்படும் சொல் இரண்டு முறை அடுக்கி வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் சொன்னால் 'ஏலாது, ஏலாது'. வீக்கத்தைக் குறிக்கும் சொல் அல்ல, உடம்பு அடியோடு தளர்ந்து போவதைக் குறிக்கும் சொல். இதற்குப் போட்டியாக வேறு சில விளக்கங்களும் உண்டு, அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் 'பெரிய பெரிய' ஏன் பொருந்தாது என்று பார்த்துவிடலாம். நம் எழுத்தில் 'பெ' ஒன்றுதான் இருப்பதால் இந்த மயக்கம் வருகிறது. 'பெரிய' என்பதில் வருவது வல்லொலி 'ப', 'படம்' என்பதில் வருவது போல. நோயின் பெயரில் வருவதோ 'பேங்க்' என்று நாம் சொல்லும்போது முதலில் வரும் மெல்லிய ஒலி. ஐரோப்பியர் எழுதிவைத்த பழைய வடிவங்கள் எல்லாவற்றிலும் இந்த மெல்லொலிதான் இருக்கிறது. இரண்டாவது, தமிழில் 'பெரு', 'பெரிய' என்பவை அடை. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெயர் நின்றாக வேண்டும். பெருநோய் என்றால் தொழுநோய். பெருவயிறு என்றால் வயிற்றில் நீர் கோத்த மகோதரம். பெரியம்மை எல்லோருக்கும் தெரிந்தது. நோயையோ உறுப்பையோ சொல்லாமல் 'பெரிய பெரிய' என்று அந்தரத்தில் விட்டு ஒரு நோய்க்குப் பெயர் வைப்பது நம் வழக்கம் இல்லை. மூன்றாவது காரணம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது: பெரிபெரியில் உலர் வகை, ஈர வகை என்று இரண்டு உண்டு. உலர் வகையில் கால் வீங்காது, சூம்பும்.

இப்போது சிங்களச் சொல். 'பெரி' என்று எழுதுகிறேன், ஆனால் 'பேங்க்' என்பதில் வரும் உயிரைக் குறுக்கி ஒலித்துக்கொள்ளுங்கள். அந்த உயிருக்குத் தமிழில் எழுத்து இல்லை. 'மட பெரி' என்றால் 'எனக்கு ஏலாது'. 'என்ன பெரி' என்றால் 'வர ஏலாது', 'கன்ன பெரி' என்றால் 'சாப்பிட ஏலாது'. இங்கே ஒரு நயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'என்னால் முடியாது' என்கிறோம். இலங்கைத் தமிழில் 'எனக்கு ஏலாது' என்பார்கள். சிங்களத்திலும் 'எனக்கு' என்ற வேற்றுமைதான். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இரண்டு மொழிகள் இயலாமையை ஒரே அச்சில் வார்த்திருக்கின்றன.

அடுக்குச் சொல்லும் அந்த மொழிக்கு இயல்பானதே. 'ஹெமின் ஹெமின்' என்றால் 'மெல்ல மெல்ல'. அப்படி அழுத்திச் சொன்னால் 'பெரி பெரி' என்பது 'ஒன்றும் ஏலவே ஏலாது' என்ற அளவுக்கு வந்துவிடும்.

அகராதிகளில் இரண்டு விதமாகப் பொருள் போட்டிருப்பார்கள். சிலவற்றில் 'பலவீனம்', சிலவற்றில் 'நான் முடியாதவன், நான் முடியாதவன்'. இரண்டுமே கொஞ்சம் இழுத்துப் போர்த்தியவை. 'நான்' என்பது அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. 'பலவீனம்' என்று பெயர்ச்சொல்லாக்க வேண்டுமானால் சிங்களத்தில் 'கம' என்ற ஈற்றைச் சேர்த்து 'பெரிகம' என்பார்கள். வெறும் 'பெரி' என்பதற்கு நேர்ப்பொருள் 'இயலாது'.

'இயலாது' என்ற வினை எப்படி ஒரு நோய்க்குப் பெயரானது என்று கேட்டால், நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. 'அப்பாவுக்கு உடம்புக்கு முடியல' என்கிறோம். எதை முடியவில்லை என்று யாரும் கேட்பதில்லை, நோய் என்று புரிந்துகொள்கிறோம். 'முடியாம படுத்திருக்கார்', 'ஏலாமல் கிடக்கிறார்', 'இயலாதவர்' எல்லாம் இதே தடம்தான்.

அடுத்து, போட்டி விளக்கங்கள்.

அவற்றில் புகழ்பெற்றது செம்மறி ஆட்டுக் கதை. யாக்கோபுஸ் போன்ட்டியுஸ் என்ற டச்சு மருத்துவர் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பணியாற்றி 1631-இல் அங்கேயே இறந்தார். கிழக்கிந்திய நோய்களைப் பற்றி அவர் எழுதியது 1642-இல் அச்சானது. அதில் இந்த நோயை உள்ளூர்க்காரர்கள் பெரிபெரி என்கிறார்கள், அதற்கு 'செம்மறி ஆடு' என்று பொருள், பீடிக்கப்பட்டவர்கள் முழங்கால் நடுங்கக் காலைத் தூக்கித் தூக்கி ஆடு போல நடப்பதால் இந்தப் பெயர் என்று விளக்குகிறார். மலாய் மொழியில் செம்மறிக்கு 'பிரிபிரி' என்றுதான் பெயர். அதனால் கதை காதுக்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் இது நாம் 'பெரிய பெரிய' என்று நினைப்பது போன்றதே: வேற்றுமொழிச் சொல்லைக் கேட்டவர் தனக்குப் பக்கத்தில் இருக்கும் மொழியில் அதே ஒலியுள்ள சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அவர் சொற்பிறப்பில் தவறியிருக்கலாம், நோயாளியைப் பார்த்ததில் தவறவில்லை. அந்த நடை உண்மை.

அவருக்கு முன்பே போர்ச்சுகீசியருக்கு இந்தச் சொல் தெரியும். 1568-ஐ ஒட்டிய நிகழ்ச்சிகளை எழுதும்போது வரலாற்றாசிரியர் தியோகு து கோட்டோ, 'பெர்பெரெ' என்ற நோயால் வயிறும் காலும் வீங்கி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் செத்தார்கள் என்கிறார். அந்தக் காலத்தில் கொழும்பும் மலாக்காவும் போர்ச்சுகீசியர் கையில் இருந்தன. ஆகவே இலங்கைச் சொல் ஒன்று கப்பலேறி மலாய்த் தீவுகளுக்குப் போயிருக்கும் என்று கருதுவதில் தடை இல்லை.

இன்னொரு விளக்கம் அரபியிலிருந்து: மூச்சுத்திணறலுக்கு 'புஹ்ர்', கடலோடிக்கு 'பஹ்ரி', இரண்டும் சேர்ந்து 'கடலோடியின் மூச்சிரைப்பு' என்பார்கள். கப்பலில் இந்த நோய் வந்தது உண்மைதான், ஆனால் இரண்டு சொல்லை ஒட்டுப்போட்டுச் செய்த விளக்கம் இது. ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 1886-இலேயே எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, சிங்களத் தோற்றமே மொத்தத்தில் அதிகம் நம்பத்தக்கது என்று முடித்தது. இன்றைய பெரிய ஆங்கில அகராதிகளும் அங்கேதான் நிற்கின்றன. என் தீர்ப்பும் அதுவே.

சொல்லின் பொருள் நோயோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஒரு சோதனையில் பார்க்கலாம். நோயாளியைத் தரையில் குந்தி உட்காரச் சொல்வார்கள். பிறகு கையை ஊன்றாமல், எதையும் பிடிக்காமல் எழச் சொல்வார்கள். உலர் பெரிபெரி வந்தவர் முன்னால் சாய்வார், தொடை நடுங்கும், பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிடுவார். ஆய்வுக்கூடம் எட்டாத இடங்களில் இதுதான் முதல் சோதனை. கூடவே கெண்டைக்கால் சதையை அழுத்திப் பார்ப்பார்கள், லேசாக அழுத்தினாலே வலியில் காலை இழுத்துக்கொள்வார். குதிகால் தசைநாணில் தட்டினால் பாதம் துள்ளாது. பாதத்தை மேலே தூக்கும் தசை தளர்ந்துவிடுவதால் நடக்கும்போது விரல்நுனி தரையில் இடறும், அதைத் தவிர்க்க முழங்காலை உயரத் தூக்கி வைப்பார். போன்ட்டியுஸ் கண்ட ஆட்டு நடை இதுதான்.

ஈர வகை வேறு. அதில் இதயம் தளர்கிறது. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், படுத்தால் மூச்சு முட்டும். இதிலேயே மிகக் கடுமையான வடிவம் சில மணிநேரங்களில், சில நாட்களில் உயிரைப் பறித்துவிடும். அதற்கு மருத்துவ நூல்களில் 'ஷோஷின்' என்று ஜப்பானியப் பெயர். ஜப்பானில் பெரிபெரிக்கே 'காக்கே' என்று பெயர், சொல்லுக்குச் சொல் 'கால் வாயு' என்று வைத்துக்கொள்ளலாம்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் வரும், பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள். குழந்தை வாயைத் திறந்து முகம் சிவக்க அழும், சத்தம் வராது. குரல்நாணுக்குப் போகும் நரம்பு தளர்ந்ததன் விளைவு. தாய் பார்வைக்கு நன்றாகவே இருப்பாள், அதனால் அவளுடைய பாலில் குறை இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: தயாமின், அதாவது வைட்டமின் பி1, போதாமை. மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றும் வழியில் ஒரு கதவு இந்தச் சத்து இல்லாமல் திறக்காது. அதிகமாக எரிசக்தி கேட்கும் உறுப்புகளான நரம்பும் இதயமும்தான் முதலில் அடிவாங்குகின்றன. உடம்பில் மொத்தக் கையிருப்பே 30 மில்லிகிராம் அளவுதான், வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் வற்றத் தொடங்கிவிடும்.

இனி அரிசிக் கணக்கு. இந்திய உணவுப் பட்டியல்களின்படி 100 கிராமில் தயாமின்: ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், தீட்டிய புழுங்கலரிசியில் 0.21, கைக்குத்தல் பச்சரிசியில் 0.21, கைக்குத்தல் புழுங்கலில் 0.27. தவிட்டில் 2.7. ஒருவர் நாளைக்கு 400 கிராம் அரிசியைச் சோறாக்கி அதை மட்டும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 1,400 கலோரி கிடைக்கும். 1,000 கலோரிக்கு அரை மில்லிகிராம் தயாமின் வேண்டும் என்பது பழைய கணக்கு, ஆக அந்தச் சோற்றைச் செரித்து எரிப்பதற்கே 0.7 மில்லிகிராம் வேண்டும். புழுங்கல் 0.84 தருகிறது. தீட்டிய பச்சரிசி தருவது 0.24, அதையும் நாலு தண்ணீரில் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் பாதி போய்விடும். குறைவாகச் சாப்பிட்டவனை விட்டுவிட்டு வயிறாரச் சோறு தின்றவனை இந்த நோய் பிடித்த மர்மம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சோறு கூடக் கூடத் தேவையும் கூடும்.

நெல் அவிக்கும்போது என்ன நடக்கிறது? தயாமினில் ஏறத்தாழப் பாதி முளையை ஒட்டியுள்ள மெல்லிய தகட்டில் இருக்கிறது, மீதியில் பெரும்பங்கு தவிட்டுப் படலத்தில். நெல் ஊறும்போது அந்தச் சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்பக்கம் இறங்குகிறது. ஆவியில் வேகும்போது மாவு பசையாகி அதைப் பிடித்து அடைத்துவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும், கழுவினாலும் கணிசமான பங்கு உள்ளேயே நிற்கும்.

பழைய முறையில் குளிர்ந்த நீரில் ஒன்றிரண்டு நாள் ஊறவைப்பார்கள். தண்ணீர் மாற்றாவிட்டால் புளித்து நாறும், அந்த வாடை சோறு வரைக்கும் வரும். 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் மூன்று நான்கு மணிநேரம் போதும், வாடையும் இருக்காது. உமி வாய் விரியும் வரை ஆவி காட்ட வேண்டும். குறைவாக அவித்தால் அரிசியின் நடுவில் வெள்ளைப் புள்ளி நின்றுவிடும், அங்கே மாவு வேகவில்லை என்று அர்த்தம். களத்தில் காயப்போடும்போது கடும் வெயிலில் ஒரே மூச்சில் காய்ந்தால் மணியில் விரிசல் விழுந்து ஆலையில் நொய்யாகப் போகும். அதனால்தான் பாதி காய்ந்ததும் குவித்து நிழலில் ஆறவிட்டு மறுபடி பரப்புவார்கள்.

தமிழர்களுக்கு இந்த நோயோடு உள்ள தொடர்பு இங்கேதான் வருகிறது, நோயாளியாக அல்ல, வராதவர்களாக. மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசியைச் சாப்பிட்டு ஆயிரக்கணக்கில் பெரிபெரிக்கு ஆளானார்கள். அதே ஊரில் அதே வெயிலில் உழைத்த தமிழர்களுக்கு அநேகமாக வரவில்லை. அவர்கள் சாப்பிட்டது புழுங்கல். பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து அரிசிதான் காரணம் என்று எழுதினார். ஆனால் வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் எண்ணம். ஒன்று குறைவதாலும் நோய் வரும் என்ற நினைப்பே அப்போது பரவலாக இல்லை.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் செய்த சோதனை அழகானது. 1905 டிசம்பர் 5 அன்று நோயாளிகளை உணவுக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்கள் கிழக்குக் கூடத்துக்கு, அதுவரை கொடுத்துவந்த அதே வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண்கள் மேற்குக் கூடத்துக்கு, இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. வெள்ளை அரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கட்டடத்தில் தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் வந்தபோது இரு அணிகளையும் கூடம் மாற்றிப் பார்த்தார், நோய் அரிசியோடுதான் போனது. பிறகு ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற ஆய்வாளர்கள் மலாயாவின் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே செய்து உறுதிப்படுத்தினார்கள்.

படேவியாவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு இதே போன்ற நோய் வருவதைக் கண்டதும், அதற்கு அவருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்ததும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்லாதது, அரிசியில் நஞ்சு என்ற அவருடைய கருத்தைத் திருத்தி, தவிட்டில் இன்றியமையாத ஒன்று இருக்கிறது என்று 1901-இல் சரியாகச் சொன்னவர் அவருக்குப் பின் அங்கே வந்த கிரெய்ன்ஸ் என்பது.

சென்னை மாகாணத்திலும் இதே கோடு விழுந்தது. தெலுங்குக் கடற்கரையான வட சர்க்கார் மாவட்டங்களில் பச்சரிசி வழக்கம், அங்கே பெரிபெரி ஊன்றியிருந்தது. புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அப்படி இல்லை. இதை ஆராய 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் 'பெரிபெரி விசாரணைப் பிரிவு' ஒன்றை ராபர்ட் மக்காரிசன் தொடங்கினார். அது வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பூர்வீகம் குன்னூரின் அந்த அறைதான்.

இதைப் படித்துவிட்டுப் பொங்கலுக்குப் பச்சரிசி வாங்கப் பயப்பட வேண்டாம். பருப்பு, கடலை, எள், கேழ்வரகு, கம்பு எல்லாவற்றிலும் தயாமின் இருக்கிறது. துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 0.45, வேர்க்கடலையில் 0.9, எள்ளில் 1 மில்லிகிராம் அளவு. வெறும் சோறும் ஊறுகாயும் மட்டுமே மாதக்கணக்கில் உணவானால்தான் சிக்கல்.

இன்று இந்த நோய் வருவது வேறு ஆட்களுக்கு. தினமும் குடித்து, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டவர்கள் முதல் வரிசை. கர்ப்ப காலத்தில் வாரக்கணக்கில் வாந்தி நிற்காதவர்கள், எடைகுறைப்பு அறுவை செய்துகொண்டவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், நீர்பிரிக்கும் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்கள் அடுத்து. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று தீட்டிய அரிசிச் சோற்றைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தும் இடங்களில் குழந்தைப் பெரிபெரி இன்னும் வருகிறது. காஷ்மீரில் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்திருக்கின்றன. ஊசியில் தயாமின் ஏறியதும் ஈர வகை சில மணிநேரங்களில், ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். அவ்வளவு வேகமாகத் தெளிவதே நோயை உறுதிசெய்யும் சான்றாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. உலர் வகையில் நரம்பு மீள மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுதாக மீளாது.

இதில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. குடியால் தளர்ந்து விழுந்தவருக்குத் தெம்பு வரட்டும் என்று குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது. மிச்சமிருந்த துளி தயாமினும் அந்தச் சர்க்கரையை எரிக்கப் போய்விடும், கண் நிலைகுத்தி, நடை தள்ளாடி, நினைவு குழம்பும் நிலை வரும். தயாமின் முன்னால், அல்லது கூடவே போக வேண்டும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாப் பக்கத்துப் பழைய செய்திகளில் 'பெரிபெரி பரவியது' என்று இருந்தால் உடனே அரிசியைப் பழிக்க வேண்டாம். பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் வரும் கால்வீக்க நோயையும் அங்கே அதே பெயரில் சொல்லியிருக்கிறார்கள். ஈர வகையோடு தோற்றம் ஒத்திருப்பதால் வந்த மயக்கம் அது, காரணம் முற்றிலும் வேறு.

தமிழில் எழுதும்போது 'பெரிபெரி' என்று சேர்த்து எழுதினால் போதும், பாடநூல்களில் நிலைத்துவிட்ட வடிவம். கலைச்சொல் பட்டியலில் பதிவதாக இருந்தால் இப்படிப் போடுங்கள்: "பெரிபெரி: (பெயர்) தயாமின் குறைவால் நரம்பும் இதயமும் தளரும் நோய். சிங்களம் 'பெரி', இயலாது, அடுக்கு." பக்கத்தில் 'பெரிய' என்ற சொல்லோடு தொடர்பில்லை என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சேர்த்தால், இந்தக் கேள்வி மறுபடி வராது.